எண்ணிக்கையும் எண்ணமும்

சிறுபான்மை என்னும் சொல் இலங்கை அரசியல் வழக்கில் ஒரேயொரு பொருளையே பெற்று நிற்கின்றது. பிறப்பாலும் மொழியாலும் மதத்தாலும் தொகையிற் குறைந்தோர் சிறுபான்மையினர். தொகையிற் கூடியோரிடம் எதையேனும் கேட்டுப் பெறுவதே அவர்தம் அரசியல். கேட்பதற்கு வாக்கு வேண்டும். வாக்குக்கு விலை உண்டு. விலையை நன்கு பேசத் தெரிந்தவன் தலைவன். மலையகத் தமிழரின் அரசியல் வரலாற்றை எழுதப் புகுவோரிற் பலர் இச்சூத்திரத்தைத் தாண்டிச் செல்வதில்லை. பெரும்பான்மையினரின் எண்ணத்தைச் சிறுபான்மை ஒருபோதும் மாற்றவியலாது. ஆகவே அவ்வெண்ணத்தைப் பற்றிக் கவலை கொள்ளாது, ஆட்சியமைக்க அவர்க்குக் குறையும் எண்ணிக்கையைக் கொடுத்து இயன்றதைப் பெற்றுக்கொள்வதே விவேகம் என்பது இவர்களது முடிபு. தொழிற்சங்க மேடையில் மட்டுமன்றிப் பல்கலைக்கழக விரிவுரை மண்டபங்களிலும் இம்முடிபு யதார்த்தம் என்னும் பெயரில் உலவுகின்றது.

இது யதார்த்தம் அன்று. மலையகத்தின் கடந்த எண்பது ஆண்டு வரலாறு இதற்கு நேர்மாறான செய்தியையே தருகின்றது. எண்ணிக்கை தனித்து நின்று பேசிய இடங்களில் பெரும்பான்மையினரின் அச்சமே வளர்ந்தது. எண்ணம் தளராது பேசிய இடங்களில், காலந்தாழ்த்தியேனும், அவ்வச்சம் இளகியது. இவ்விரண்டையும் பிரித்தறியாமை ஏட்டுக் குற்றமாக நின்றுவிடுவதில்லை. கொத்மலையிலும் தலவாக்கலையிலும் பூண்டுலோயாவிலும் லயன் காம்பராக்களில் வாழ்வோர் அதற்குரிய விலையைத் தலைமுறை தலைமுறையாகச் செலுத்தி வருகின்றனர்.

சமூக உளவியலாளர் இவ்விடயத்தைச் சோதனைச்சாலையில் ஆராய்ந்துள்ளனர். 1951இல் அமெரிக்காவில் சொலமன் ஆஷ் வெளியிட்ட ஆய்வு பெரும்பான்மையின் வல்லமைக்குச் சான்றாகவே வழக்கமாக எடுத்தாளப்படுகின்றது. கண்ணெதிரே தெரியும் கோடுகளின் நீளத்தைப் பற்றிச் சுற்றியிருப்போர் அனைவரும் ஒருமித்துப் பிழையான விடை கூறியபோது, தனித்து நின்றவர்களின் விடைகளிலும் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு அப்பிழைக்கே இணங்கின. ஆனால் அதே ஆய்வுத் தொடரின் மறுபாதி அத்துணை பேசப்படுவதில்லை. சரியான விடையைச் சொல்லும் துணை ஒருவன் அருகே இருந்தபோது அவ்விணக்கம் பெரிதும் வீழ்ந்தது. ஒருமித்த குரலில் ஒரு கீறல் விழுந்தாற் போதும்; அடக்கப்பட்டவன் தன் கண்ணை நம்பத் தொடங்குகின்றான்.

ருமேனியாவில் யூதக் குடும்பத்திற் பிறந்து பாரிசிற் பணியாற்றிய சேர்ஜ் மொஸ்கோவிச்சி, 1969இல் தம் துணை ஆய்வாளருடன் வெளியிட்ட ஆய்வில் வினாவையே திருப்பிப் போட்டார். அறுவர் கொண்ட குழுவில் இருவர் ஆய்வாளரால் முன்னரே பயிற்றப்பட்டவர். நீல நிறப் படங்கள் 36 காட்டப்பட்டன. அவ்விருவரும் ஒவ்வொரு தடவையும் மாறாது பச்சை என்றபோது, ஏனைய நால்வரின் விடைகளில் நூற்றுக்கு 8.42 பச்சையாயிற்று. அதே இருவர் சில தடவை பச்சை, சில தடவை நீலம் என்று தடுமாறியபோது அது நூற்றுக்கு 1.25 ஆகச் சுருங்கியது. தொகை இரு சந்தர்ப்பத்திலும் இரண்டே. மாறியது உறுதி மட்டுமே. இதனினும் கருதத்தக்கது ஒன்றுண்டு. சபையில் நீலம் என்றே கூறியோர் சிலருக்கும், பின்னர் தனியே நிறங்களைப் பிரித்தறியச் சொன்னபோது, நீலத்துக்கும் பச்சைக்கும் இடையிலான எல்லை நகர்ந்திருந்தது. வாய் இணங்காதவிடத்தும் கண் மாறியிருந்தது.

நிறப் படங்களைக் கொண்டு ஒரு நாட்டின் வரலாற்றை அளந்துவிட முடியாது. எனினும் இவ்வாய்வுகள் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்குகின்றன. பிறப்பாலாய சிறுபான்மை ஒன்று. கருத்தாலாய சிறுபான்மை மற்றொன்று. முன்னையது குடித்தொகைக் கணக்கெடுப்பில் உள்ளது. பின்னையது எந்தக் கணக்கெடுப்பிலும் இல்லை. பெரும்பான்மை இனத்தினுள்ளேயே கருத்தாற் சிறுபான்மையானோர் உளர். பிறப்பாலாய சிறுபான்மையின் நியாயம் பெரும்பான்மையின் மனத்தைச் சென்றடையும் வழி பெரும்பாலும் அவர்களூடாகவே அமைகின்றது. மலையக வரலாற்றை இக்கண்கொண்டு மீளப் படிக்க வேண்டும்.

1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் 95 ஆசனங்களுள் 7இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் வெற்றியீட்டியது. நுவரெலியாவிற் சௌ. தொண்டமானும் தலவாக்கலையிற் சி.வி. வேலுப்பிள்ளையும் கொட்டகலையிற் கே. குமாரவேலுவும் நாவலப்பிட்டியிற் கே. இராஜலிங்கமும் தெரிவாயினர். வேறு சில தொகுதிகளில் தோட்டத் தொழிலாளரின் வாக்குகள் இடதுசாரி வேட்பாளருக்குத் துணைநின்றன. ஐக்கிய தேசியக் கட்சிக்குக் கிடைத்தவை 42 ஆசனங்களே; அறுதிப் பெரும்பான்மை இல்லை. சூத்திரத்தின்படி நோக்கின், மலையகச் சிறுபான்மைக்கு இதனினும் சிறந்த பேரநிலை அதன் வரலாற்றிலேயே வாய்த்ததில்லை. விளைவு யாது? அடுத்த ஆண்டிலேயே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் 53க்கு 35 என்னும் வாக்குகளால் நிறைவேறியது. தொடர்ந்து 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டம். அதனைத் தொடர்ந்து வாக்குரிமையைப் பிரசாவுரிமையோடு பிணைத்த 48ஆம் இலக்கத் தேர்தற் சட்டத் திருத்தம். 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அந்த ஏழு ஆசனங்களுள் ஒன்றேனும் எஞ்சவில்லை.

எண்ணிக்கை பலமாக இருந்தமையாலன்றி, எண்ணிக்கை மட்டுமே கண்ணுக்குத் தெரிந்தமையாலேயே இது நேர்ந்தது. கண்டிச் சிங்கள விவசாயியின் உள்ளத்தில் ஏற்கெனவே ஆறாத புண் ஒன்று இருந்தது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் உரித்துக் காட்டவியலாத காணிகளை முடிக்குரியனவாக்கியது; அக்காணிகள் கோப்பித் தோட்டங்களாயின; பின்னர் தேயிலைத் தோட்டங்களாயின. அச்சட்டத்தை இயற்றியவன் ஆங்கிலேயன். அதனாற் பயனடைந்தோரும் ஆங்கிலேயத் துரைமாரும் அவர்களை அடுத்து வந்த உள்நாட்டு முதலாளிகளுமே. கூலியாகக் கொணரப்பட்ட தமிழனுக்கு அக்காணியில் ஒரு முழந்தானும் உரித்தில்லை. ஆயினும் கிராமத்தவனின் கண்ணுக்குத் துரையின் பங்களா தொலைவில் இருந்தது. லயன் அருகில் இருந்தது. காணியைப் பறித்தவன் லயனில் இருப்பவனே என்னும் மயக்கத்தை அரசியல்வாதிகள் வளர்த்தெடுத்தனர். 1951இல் அறிக்கையிட்ட கண்டிய விவசாயிகள் ஆணைக்குழு கிராமத்தவரின் வறுமையை ஆராய்ந்தது. மலைச்சரிவில் அவர்களுக்கு மேலே வாழ்ந்தோரின் வறுமை அதன் பணிக்குட்பட்டதன்று. இந்த மயக்கத்தை ஏழு ஆசனங்களால் நீக்க முடியாது. அம்மயக்கம் கூறிய கதையை அந்த ஏழு ஆசனங்கள் உறுதிப்படுத்தின என்பதே கசப்பான உண்மை.

ஆயின் 1948இல் எதிர்த்து வாக்களித்த அந்த 35 பேர் யாவர்? பேர அரசியலின் வரலாற்றாசிரியர் விரைந்து கடந்து செல்லும் இடம் இது. அவருள் இலங்கை இந்தியக் காங்கிரசாரும் வடக்குத் தமிழ்ப் பிரதிநிதிகளும் மாத்திரமன்றிச் சிங்கள இடதுசாரிகளும் இருந்தனர். என்.எம். பெரேரா, கொல்வின் ஆர். டி சில்வா ஆகியோரைச் சிங்கள வாக்காளரே தெரிவுசெய்து அனுப்பினர். தம் இனத்துப் பெருங்கருத்துக்கு எதிராக நின்ற கருத்துச் சிறுபான்மையினர் அவர். அந்நிலைப்பாடு ஒரு நாளில் முளைத்ததன்று. 1937 ஏப்ரலில் நாவலப்பிட்டிக் கூட்டத்தில், மடுல்கலைப் பகுதித் தோட்டமொன்றிற் பயிற்சித் துரையாக வந்திருந்த மார்க் அந்தனி பிரேஸ்கேர்டில் சமசமாஜ மேடையில் ஏறித் துரைமாரின் சுரண்டலைக் கண்டித்தார். வெள்ளையன் ஒருவன் வெள்ளையரின் ஒருமித்த குரலிற் கீறல் விழுத்தியதைத் துரைமார் பொறுக்கவில்லை. தேசாதிபதி ஸ்டப்ஸ் அவரை நாடுகடத்த ஆணையிட்டார்; உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. 1940 சனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது பொலிசார் சுட்டதிற் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிரிழந்தார். அவ்வேலைநிறுத்தத்தின் பின்னின்றதும் சமசமாஜிகளின் சங்கமே. இதற்கு முன்னரே, 1931இல் ஹற்றனில் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவிய கோ. நடேசய்யரும் மீனாட்சியம்மாளும் தோட்டத்துள் நுழையவே தடையிருந்த காலத்திற் பேச்சாலும் பத்திரிகையாலும் பாட்டாலும் இயங்கியவர்கள். அவர்களிடம் விற்பதற்கு எண்ணிக்கை ஏதும் இருக்கவில்லை.

இவ்விடதுசாரிச் சிறுபான்மை பின்னர் என்னவாயிற்று என்பது இவ்விடயத்தின் மிகத் துயரமான பகுதி. 1956இல் தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்து இரு மொழிகளுக்கும் சம அந்தஸ்துக் கோரிய கட்சி, 1964 யூனிற் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசிற் பங்காளியாயிற்று. அவ்வாண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 9 இலட்சத்து 75 ஆயிரம் மனிதர் கணக்கில் எடுக்கப்பட்டனர்: 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1 இலட்சத்து 50 ஆயிரம் பேர் பிறகு பார்த்துக்கொள்வதற்கு. அந்த எஞ்சியோரும் 1974இற் பாதிக்குப் பாதியாகப் பங்கிடப்பட்டனர். காணியைப் பங்கிடும்போதும் கிணற்றையும் பலா மரத்தையும் கேட்டுப் பங்கிடுவது வழக்கம். இங்கு பங்கிடப்பட்டோரிடம் எவரும் கேட்கவில்லை. 1966 சனவரியிற் தமிழ் மொழி ஒழுங்குவிதிகளுக்கு எதிராகக் கொழும்பில் நடந்த ஊர்வலத்தில் அதே இடதுசாரிகள் இனவாதக் கோஷத்தோடு நடந்தனர். சில தடவை பச்சை, சில தடவை நீலம். பெரும்பான்மையின் மனத்தை மாற்றப் புறப்பட்ட சிறுபான்மை பெரும்பான்மையாகவே மாறிவிட்டது. இடதுசாரிகள் எண்ணிக்கையிற் குறைந்தமையால் தோற்றனர் என்பர். அவர்கள் எண்ணிக்கையை நாடியபோதே தோற்றனர் என்பதே பொருந்தும். அவர்களை நம்பிக் கேட்கத் தொடங்கியிருந்த சிங்களத் தொழிலாளிக்கு, நேற்றுச் சொன்னதும் வெறும் உபாயமோ என்னும் ஐயம் தோன்றியதில் வியப்பில்லை.

மறுதலையான உதாரணம் தமிழரிடையேயே உண்டு. முதற் சட்டத்தை எதிர்த்த ஜி.ஜி. பொன்னம்பலம் 1948 செப்டெம்பரில் அமைச்சராகி, அடுத்த சட்டத்துக்கு ஆதரவாக வாக்களித்தார். அதனை ஏற்காது பிரிந்த எஸ்.ஜே.வி. செல்வநாயகம் தம் துணைவருடன் 1949 டிசெம்பரில் தமிழரசுக் கட்சியை நிறுவினார். மலைநாட்டாருக்கு இன்று இழைக்கப்படும் அநீதி நாளை வடகிழக்காருக்கும் வரும் என்னும் அவரது வாதம் அன்று யாழ்ப்பாணத்தில் எடுபடவில்லை. 1952 தேர்தலில் அக்கட்சிக்கு இரு ஆசனங்களே கிடைத்தன. காங்கேசன்துறையில் அவரே தோற்றார். நிலைப்பாட்டை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. 1956இற் பத்து ஆசனங்கள் கிடைத்தன. தனிச் சிங்கள முழக்கம் அவ்வெற்றிக்குப் பெருந்துணை புரிந்தது என்பதை மறுக்கவியலாது. ஆயினும் அம்முழக்கம் எழுந்தபோது அதனை முன்னரே கூறியவர் என்னும் நம்பகம் செல்வநாயகத்திடமே இருந்தது. நிகழ்ச்சிகள் வாதத்துக்குத் துணை செய்யும். ஆனால் அவை வரும்வரை வாதம் உயிரோடு இருக்க வேண்டும்.

இனிப் பேர அரசியலின் சாதனைகளுக்கு வருவோர் 1977க்குப் பிந்திய பத்தாண்டுகளைச் சுட்டுவர். நுவரெலியா-மஸ்கெலியா மூவங்கத்தவர் தொகுதியில் மூன்றாவது உறுப்பினராகத் தெரிவான தொண்டமான் 1978இல் அமைச்சரானார். 1986ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் 1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டமும் நாடற்றோராய் எஞ்சியோருட் பெரும்பாலோருக்குப் பிரசாவுரிமை வழங்கின. இவை பெரும் பேறுகள்; அவற்றை இகழ்வோர் கடவுச்சீட்டும் அடையாள அட்டையும் இன்றி ஒரு நாளேனும் வாழ்ந்திராதவர். ஆயின் இரு வினாக்கள் எழுகின்றன. முதலாவது, இவை பேரத்தால் மட்டும் விளைந்தவையா? 1977 மே மாதம் டெவன் தோட்டத்திற் காணிப் பறிப்புக்கு எதிராக நின்ற சிவனு இலட்சுமணன் சுட்டுக்கொல்லப்பட்டதும், 1984 ஏப்ரல் வேலைநிறுத்தத்தாற் பெண் தொழிலாளருக்கு ஆணுக்குச் சமமான நாட்கூலி கிடைத்ததும், 1986 சனவரியில் வேலையை நிறுத்திப் பிரார்த்தனையில் அமர்ந்த இயக்கமும் அமைச்சரவை அறைக்கு வெளியே நிகழ்ந்தவை. இரண்டாவது வினா கடுமையானது. பேரம் பெரும்பான்மையின் எண்ணத்தை மாற்றியதா? அமைச்சர் பதவி கையில் இருக்கையிலேயே 1981 ஓகஸ்டிலும் 1983 யூலையிலும் லயன்கள் எரிந்தன; உயிர் தப்பியோர் வவுனியாவுக்கும் அதற்கப்பாலும் ஓடினர். மேலிடத்தில் இணக்கம், கீழிடத்தில் தீ. சட்டமன்றத்தில் வாய் இணங்கிற்று. ஊரிற் கண் மாறவில்லை.

சட்டத்திலுங்கூட அக்கண் மாறாமை தங்கி நின்றது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, பிரதேச சபை தன் நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிடுவதற்குத் தடையாய் அமைந்தது. பிரசாவுரிமை பெற்றவன் பிரதேச சபைக்கு வாக்களிக்கலாம். அச்சபை அவன் வீட்டுக்குப் போகும் பாதைக்குக் கல் போடலாகாது. கிராமத்தின் எல்லைவரை வந்த தார் வீதி தோட்டத்தின் எல்லையில் நின்றது. நாட்டின் பிரசை, ஊரின் அந்நியன். அப்பிரிவு 2018இலேயே திருத்தப்பட்டது. இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் மலையகப் பிரதிநிதிகள் அமைச்சரவைகளிற் பெரும்பாலும் இடம்பெற்றே வந்தனர் என்பதைப் பேரவாதிகள் விளக்க வேண்டும்.

கொத்மலையைக் கூர்ந்து நோக்கினால் இவ்விடயத்தின் அடித்தளம் தெரியும். கீழே பள்ளத்தாக்கிற் கண்டிக் காலத்து வயல்களும் விகாரைகளும் கொண்ட பழங்கிராமங்கள். மேலே சரிவுகளிற் தேயிலைத் தோட்டங்கள். தந்தையோடு முரண்பட்ட துட்டகைமுனு ஒளிந்து வாழ்ந்த இடம் இதுவே என்பது சிங்கள மரபு. (பெருங்கருத்துக்கு ஒத்துப்போகாதவன் ஒருவனுக்குப் புகலிடம் அளித்த பள்ளத்தாக்கு என்றும் இம்மரபைப் படிக்கலாம், ஆனால் எவரும் அவ்வாறு படிப்பதில்லை.) 1979இற் தொடங்கி 1985இல் முற்றுப்பெற்ற கொத்மலை அணை, துரித மகாவலித் திட்டத்தின் கீழ் சுவீடன் நாட்டின் உதவியோடு எழுந்தது. 87 மீற்றர் உயரமான அவ்வணையின் பின்னே ஏறத்தாழ 3,000 குடும்பங்களின் வீடுகளும் வயல்களும் நீரில் ஆழ்ந்தன. மூழ்கிய விகாரைகளின் நினைவாகக் குன்றின்மேல் மகாவலி மகா சாய கட்டப்பட்டது. குடும்பங்களிற் சில மகாவலித் தாழ்நிலக் குடியேற்றங்களுக்குச் சென்றன. பிறிந்து செல்ல மனமில்லாத பலருக்கு அண்மையிலிருந்த தேயிலைத் தோட்டங்களின் காணி பகிர்ந்தளிக்கப்பட்டது.

ஒரே நீர் இரு மக்களின் வாழ்வைத் தொட்டது. வயலை இழந்த கிராமத்தவன் சிங்களவன், தொகையாற் பெரும்பான்மையினன். ஆயின் அணை வேண்டுமா என்று அவனிடம் எவரும் வாக்குக் கேட்கவில்லை. தேசத்தின் நன்மைக்கெனத் தியாகம் செய்யுமாறு பணிக்கப்பட்டபோது அவனும் குரலற்ற சிறுபான்மையினனே. அவனுக்கு ஈடாக அளிக்கப்பட்ட தேயிலைக் காணியைப் பரம்பரையாகக் கொத்தியும் கவ்வாத்து வெட்டியும் கொழுந்து பறித்தும் வளர்த்தவன் தமிழன். அவன் அக்காணிக்கு உரித்துடையோனாக எண்ணப்படவேயில்லை. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையான போதும் இவ்வாறே நிகழ்ந்தது: உடைமை மாறியது, உழைத்தவன் உடைமையாளன் ஆகவில்லை. இழந்தவனும் இழந்தவனும் ஒரே சரிவில் எதிரெதிரே நிறுத்தப்பட்டனர். ஒருவனுக்கு அளித்தது மற்றவனிடம் இருந்து எடுத்ததாயிற்று. இதனினும் பொருத்தமான நேரம், இருவரும் ஒருவரோடொருவர் பேசுவதற்கு, வாய்த்திருக்க முடியாது. பேர அரசியல் அந்நேரத்தில் எதை நோக்கியிருந்தது? கொழும்பை நோக்கியிருந்தது. அதன் இலக்கணப்படி கொத்மலைக் கிராமத்தவன் உரையாடலுக்குரிய மனிதனல்லன். அமைச்சரின் பின்னால் நிற்கும் ஓர் எண்.

பெரும்பான்மையின் எண்ணம் மாறாது என்போர்க்கு மக்கள் விடுதலை முன்னணியின் வரலாறு ஒரு சிக்கலான சாட்சி. 1971 ஏப்ரற் கிளர்ச்சிக்கு முன்னர் அவ்வியக்கம் தன் இளைஞருக்கு நடத்திய ஐந்து வகுப்புகளில் ஒன்று இந்திய விஸ்தரிப்புவாதம் பற்றியது. அதன் பார்வையில் தோட்டத் தொழிலாளி உழைக்கும் வர்க்கத்தின் மிகப் பெரும் பகுதியாகத் தோன்றவில்லை. அயல் வல்லரசின் கருவியாகத் தோன்றினான். வர்க்கம் பேசிய வாய் இனத்தைக் கண்டு அஞ்சியது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க இந்திய வம்சாவளியினருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் பாராளுமன்றில் எதிர்ப்பின்றி நிறைவேறியபோது அக்கட்சியும் அவையில் இருந்தது. 2023 ஒக்டோபரில் அதன் தலைமையிலான தேசிய மக்கள் சக்தி மலையக மக்களின் காணி, வீடு, மொழி உரிமைகளைப் பற்றி ஹற்றன் பிரகடனத்தை வெளியிட்டது. 2024 நவம்பர்ப் பொதுத் தேர்தலில் நுவரெலியா மாவட்டத்தின் 8 ஆசனங்களுள் 5 அதற்குக் கிடைத்தன. மலையகத் தமிழ்ப் பெண்கள் அதன் பட்டியலில் நின்று பாராளுமன்றம் சென்றனர்.

இம்மாற்றம் மலையக வாக்குகளின் மீதான ஆசையால் விளைந்ததே என்று பேரவாதிகள் கூறுவர். ஓரளவு மெய்யாகலாம். ஆயின் 1971இலும் தோட்டங்களில் மக்கள் இருந்தனர், இளைஞர் இருந்தனர், பிரசாவுரிமை பெற்ற வாக்காளரும் ஒரு தொகையினர் இருந்தனர். அன்று அவர்களை அணுகுவது தேசத்துரோகமாகத் தோன்றியது, பின்னர் தோன்றவில்லை. எது தகுதியான ஆசை என்பதையே மாற்றியது யாது என்பதுதான் வினா. அரை நூற்றாண்டாக ஒரே செய்தியை மாறாது சொல்லிவந்தோரின் உழைப்பு அதில் உண்டு. இந்நாட்டின் செல்வத்தை ஈட்டியோர் இந்நாட்டினர் என்பதே அச்செய்தி. அதனைச் சொன்னோரிற் தமிழரும் சிங்களவரும் இருந்தனர். பாதிரிமாரும் ஆசிரியர்களும் சிறு சங்கங்களும் இருந்தனர். 2018 ஒக்டோபர் 24ஆம் திகதி நாட்கூலி 1,000 ரூபா கோரிக் கறுப்புடையணிந்து காலிமுகத்திடலிற் கூடிய மலையக இளைஞருக்கு எந்த அமைச்சரின் அழைப்பும் தேவைப்படவில்லை. அக்கோரிக்கை 2021இல் வர்த்தமானி ஏறியது. 2023 யூலை 28ஆம் திகதி தலைமன்னாரிற் புறப்பட்டு ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையை அடைந்த நடைபயணம் இன்னும் தெளிவான உதாரணம். இருநூறு ஆண்டுகளுக்கு முன் முன்னோர் நடந்த வழியே நடந்தோர், வழியிலிருந்த சிங்கள முஸ்லிம் ஊர்களின் மக்களிடம் தம் வரலாற்றைக் கூறிச் சென்றனர். வாக்குக் கேட்கவில்லை. கதை சொன்னார்கள்.

பசித்தவனிடம் நீண்டகாலக் கருத்துப் போராட்டம் பற்றிப் பேசுவது வயிறு நிறைந்தோரின் ஆடம்பரம் என்னும் மறுப்பு ஒன்றுண்டு. அது புறக்கணிக்கத்தக்கதன்று. கூலி நாளைக்கு வேண்டும். கூரை மழைக்கு முன் வேண்டும். ஆனால் உறுதி என்பது பிடிவாதம் அன்று. மொஸ்கோவிச்சிக்குப் பின் வந்த ஆய்வாளர் இதனை வலியுறுத்தினர்: அடிப்படையில் மாறாதும் பேச்சில் இளகியும் நிற்கும் சிறுபான்மையே கேட்கப்படுகின்றது, இறுகி நிற்பது வெறுக்கப்படுகின்றது, வளைந்துகொண்டே போவது மறக்கப்படுகின்றது. 1949 சட்டத்தை இலங்கை இந்தியக் காங்கிரஸ் முதலிற் புறக்கணித்துப் பின்னர் இறுதி மாதங்களில் ஏறத்தாழ 8 இலட்சத்து 25 ஆயிரம் பேர் சார்பில் விண்ணப்பங்களைக் குவித்ததும், அவருள் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரளவிலேயே பிரசாவுரிமை பெற்றதும் இவ்விரு தவறுகளையும் ஒருங்கே காட்டும். பேரம் வேண்டாம் என்பதன்று வாதம். பேரத்தின் பின்னே எண்ணம் இல்லாதவிடத்து, பெற்றதைக் காப்பதற்கு அடுத்த தேர்தலிலும் அதே எண்ணிக்கை தேவைப்படும்; எண்ணிக்கையோ குறைந்துகொண்டே வருவது. தோட்டங்களை விட்டு இளைஞர் கொழும்புக் கடைகளுக்குப் போகின்றனர்.

காணியே இனி முதன்மையான வினா. 2015க்குப் பின்னர் 7 பேர்ச்சஸ் வீட்டுக் காணி என்னும் கொள்கை வந்தது; அதுவே இத்துணைக் காலத்தின் பின் பெரும் வெற்றியாகப் பேசப்பட்டது. வீட்டுக்கு மட்டும் காணி, தேயிலைக்கு இல்லை. தோட்டத் தமிழனுக்குத் தேயிலைக் காணி கொடுத்தால் மலைநாடு கைநழுவிப் போகும் என்னும் பழைய அச்சம் சிங்களக் கிராமங்களில் இன்னும் முற்றாக நீங்கவில்லை. இவ்வச்சத்துக்கு மறுமொழி கொத்மலையிலேயே உள்ளது. அணையால் வயலிழந்து தோட்டக் காணி பெற்றவர்கள் தேயிலைச் சிற்றுடைமையாளர் ஆயினர். தம் கொழுந்தைத் தாமே பறித்துத் தொழிற்சாலைக்கு விற்றனர். இலங்கைத் தேயிலையில் நூற்றுக்கு 70க்கு மேற்பட்ட பங்கைச் சிற்றுடைமையாளரே விளைவிக்கின்றனர். பெருந்தோட்டங்கள் நட்டக்கணக்கு எழுதிக்கொண்டிருக்கின்றன. ஓர் ஏக்கர் தேயிலை ஒரு குடும்பத்துக்கு என்ன செய்யும் என்பதை அச்சரிவில் வாழும் சிங்களக் குடியானவனைவிட நன்கறிந்தவர் இலர். வயலை அரசு எடுத்தபோது எவரும் தன்னிடம் கேட்கவில்லை என்பதையும் அவனே அறிவான். மேற்சரிவில் நாட்கூலிக்கு அதே கொழுந்தைப் பறிப்பவளுக்கும் ஓர் ஏக்கர் ஏன் ஆகாது என்னும் வினாவை அவன் முற்றத்தில், அவன் மொழியில், கேட்பதற்கு அமைச்சரவை அனுமதி வேண்டியதில்லை. சிங்களம் பேசத் தெரிந்த மலையகப் பட்டதாரிகள் ஆண்டுதோறும் பேராதனையிலிருந்து கொத்மலை வழியாகவே வீடு திரும்புகின்றனர்.